பெட்டியைத் திறக்கலாம், வானத்தைப் பார்த்துவிட்டு

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் மேசைக் கணினிகள் எந்த மாதத்தில் அதிகம் மண்டையைப் போடும் என்று பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களில் மதியம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணி வாக்கில் குனோங் புலாய் மலைப் பக்கம் கருக்கும். நாலு மணிக்கு இடி. மறுநாள் காலை ஏதாவது ஒரு தாமானிலிருந்து யாராவது அழைப்பார்கள்: "அண்ணே, பையனோட கம்ப்யூட்டர் ஆன் ஆகவே மாட்டேங்குது. நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

நான் கடை வைத்திருப்பவன் அல்ல. ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பவன். ஆனால் பெட்டியைத் திறந்து பழகியவன் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் தப்பிக்க முடியாது. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: "திறந்தா ஷாக் அடிக்காதா?" பயம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலும் அது தவறான இடத்தில் இருக்கிறது. பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு, பயப்படத் தேவையில்லாததைப் பார்த்து ஒதுங்குகிறோம்.

பாகம் மாற்றுவதைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில் நிலைமின்சாரம் பற்றிய எச்சரிக்கை இருக்கும்: கம்பளத்தில் நடக்காதே, மணிக்கட்டில் பட்டை கட்டு. அங்கே குளிர்காலத்தில் காற்று வறண்டு கிடக்கும், கதவுப் பிடியைத் தொட்டாலே சுரீரென்று பொறி பறக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் சொட்டுகிறது. கால் வைப்பதோ வெறும் டைல்ஸ் தரை. உடம்பில் மின்னேற்றம் சேர்ந்தாலும் அது தங்காது. அதற்காக அறவே மறந்துவிடவும் முடியாது. இரவெல்லாம் ஏர்கோன் ஓடிய அறையில் காற்று உலர்ந்திருக்கும். நம் விரலுக்கு உறைக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில்லு கெட்டுப்போக அதைவிடக் குறைவே போதும். ஆகவே பாகத்தைத் தொடுமுன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்கு நடுவிலும் அவ்வப்போது தொட்டுக்கொண்டால் போதும்.

இங்கே முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய எச்சரிக்கை வேறு. ஆண்டுக்கு 200 நாள் அளவில் இடி கேட்கும் பகுதிகள் மலேசியாவில் உண்டு. ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயர் மின்னழுத்தத்தையும் மின்னலையும் ஆராய்வதற்கென்றே ஒரு கழகம் இயங்குகிறது. மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. எங்கோ விழுந்தாலும் கம்பி வழியே ஏறும் மின்வீச்சு உள்ளே வந்துவிடும். செம்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் மோடம் கருகும், அதோடு சேர்ந்து கணினியின் இணைய முனையும் கருகும். இப்போது வருவது கண்ணாடி இழை. அதில் மின்னல் ஏறாது. ஆனால் சுவரில் இருக்கும் மின்செருகி அப்படியேதான் இருக்கிறது. மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வீசுகிற சுமத்ரா புயல்காற்றின்போது வீடு முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும், பிளக் மட்டும் சுவரிலேயே கிடக்கும். சுவிட்சை அணைத்துவிட்டேன் என்பது போதாது. சுவிட்சின் இடைவெளி சில மில்லிமீட்டர். வானத்திலிருந்தே குதித்து வந்ததற்கு அது ஒரு வாய்க்கால்கூட இல்லை. பிளக்கைப் பிடுங்குவதுதான் காவல்.

பாகம் மாற்றும்போதும் அதே விதிதான். கணினியை 'ஷட் டவுன்' செய்த பிறகும் தாய்ப்பலகையில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருப்பதைச் சிலர் பார்த்திருப்பார்கள். அணைந்த கணினிக்குள்ளும் 5 வோல்ட் மின்சாரம் காத்துக்கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்தியவுடன் எழுந்துகொள்ள அது தேவை. அந்த நிலையில் நினைவகத்தைப் பிடுங்கினால் பலகையோ நினைவகமோ கெடலாம். அதனால் முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் மின்சாரத்தில் விசிறி லேசாக ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். விளக்கும் அணையும். அதற்கப்புறம்தான் கைவைக்க வேண்டும்.

ஷாக் அடிக்கும் என்று உண்மையாகவே பயப்பட வேண்டிய பாகம் ஒன்று உண்டு: பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அதற்குள் நேர்மின்சாரமாக மாறும்போது 300 வோல்ட்டைத் தாண்டுகிறது. அதைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் அதை விடாமல் வைத்திருக்கும். பக்கத்து வீதியில் ஒரு பையன் பவர் சப்ளையின் மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தான். காற்றுத் துவாரம் வழியே பல்லி புகுந்து செத்துக் கிடந்தது, நாற்றம் தாங்கவில்லை. இரண்டு திருகாணி மேசைமேல் வந்துவிட்டது. "தம்பி, மத்த எதை வேணும்னாலும் கழட்டு. அதை மட்டும் கழட்டாதே" என்றேன். "பல்லி உள்ளேயே இருக்கட்டுமா அங்கிள்?" என்றான். இருக்கட்டும், பல்லியோடு சேர்த்து பவர் சப்ளையையே மாற்றிவிடலாம் என்றேன். பவர் சப்ளையை மாற்றலாம், திறக்கக் கூடாது. அது பயிற்சியும் கருவியும் உள்ளவர்களின் வேலை.

கேபிள்கள் தனியே கழன்றுவரும் மாடலாக இருந்தால், புதிதை வாங்கியதும் பழைய பவர் சப்ளையின் கேபிள்களைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, அவற்றின் மறுமுனையை மட்டும் புதியதில் செருகத் தோன்றும். செருகவும் முடியும். ஆனால் பவர் சப்ளைப் பக்கத்து முனையில் எந்தக் கம்பிக்கு எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், பிள்ளையின் படிப்பு முழுக்க இருக்கும் வன்தட்டு நொடியில் போய்விடும். பின்புறம் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் வைத்த பழைய மாடலாக இருந்தால் அது 230இல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

மற்றதெல்லாம் நிதானம் கேட்கும் வேலை. நினைவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்தான்; ஆனால் கீழ்விளிம்பில் இருக்கும் வெட்டு சற்றுத் தள்ளியிருக்கும். மாற்றிச் செருகிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வெட்டு பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது உங்கள் பலகைக்கு உரியதல்ல. பொருந்திவிட்டால் இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்துத் துணிந்து அழுத்த வேண்டும். 'டக்' என்று பிடி பூட்டும் சத்தம் கேட்கும் வரை. திரை கறுப்பாகவே இருக்கிறது என்று கூப்பிடும் வீடுகளில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். நம் ஈரக்காற்றில் அந்தப் பொன்னிற முனைகள் மங்கிப்போகும். கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி செருகினால் கணினி உயிர்த்துவிடும். காசு கொடுத்துப் புதிதாக வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

செயலியின் மேலிருக்கும் விசிறியை மட்டும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இடையில் பூசிய பசை காய்ந்து இறுகியிருக்கும். சில கணினிகளில் செயலியும் சேர்ந்து பிய்ந்துவரும், ஊசிகள் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றிய பிறகு இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். தேதியும் நேரமும் அடிக்கடி மாறிப்போகிறது என்றால் தாய்ப்பலகையின் பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும். சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். பழையதை மேசைமேல் விடாதீர்கள். சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். இந்த வேலை முழுவதிலும் உயிருக்கு ஆபத்தானவை இரண்டே: பெரிய பவர் சப்ளையும் இந்தச் சிறு பேட்டரியும்.

இப்போது இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. நல்ல கணினிகளைக்கூடத் தூக்கிப்போடலாமா என்று பல வீடுகளில் பேச்சு. அதே ஆண்டு இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போவதால் நினைவகத்தின் விலை ஏறத் தொடங்கியது. அந்தத் தரவு மையங்கள் நம் ஜொகூரிலேயே, கூலாயிலும் செடெனாக்கிலும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நினைவகம் செய்யும் மைக்ரானுக்கும் நம் மூவாரில் ஆலை உண்டு. பாகம் செய்யும் மாநிலத்தில் இருந்துகொண்டு, பாகம் மாற்றத் தெரியாமல் கணினியையே குப்பையில் போடுவது நமக்கு அழகல்ல.

போட்டே ஆகவேண்டியதைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்குமுன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வங்கி விவரமும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன.

பிள்ளைகள் பெட்டியைத் திறக்கக் கேட்டால் தடுக்காதீர்கள். இடி இல்லாத ஒரு காலைப்பொழுதில், வன்தட்டில் இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பிளக்கை நீங்களே பிடுங்கி உங்கள் கையில் வைத்துக்கொண்டு, "இப்போ திற" என்று சொல்லுங்கள்.