எதிரே வரும் படகு

காரைக்குடிப் பக்கம் தண்ணீர் என்றால் ஊரணியும் கண்மாயும்தான். மழைக்கு நிறைந்து கோடைக்கு வெடித்துக் கிடக்கும் இந்த மண்ணில் படகோட்டியைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஆனால் எங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள் பலர் பர்மாவுக்குக் கப்பலேறி, ஐராவதி டெல்டாவில் பெட்டியடி போட்டு லேவாதேவி நடத்தியவர்கள். அங்கே பல ஊர்களுக்கு நீர்வழிதான் பாதை. ஒடுங்கிய ஓடையில் இரண்டு படகு எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது என்ற பேச்சைச் சின்ன வயதில் திண்ணையில் கேட்டிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றுதான் பிச்சாவரம் போனேன்.

சிதம்பரம் செட்டிநாட்டாருக்கு அந்நிய ஊர் இல்லை. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரில் 1929இல் எழுந்த பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே, வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த இடம் என்று இன்றும் சொல்லித்தான் படகேற்றுகிறார்கள். நான் போனது காட்டைப் பார்க்க அல்ல, துடுப்புப் போடுகிறவர்களைப் பார்க்க.

எனக்கு வாய்த்தவர் ஐம்பதைத் தாண்டியவர். அகன்ற நீர்ப்பரப்பில் பேசிக்கொண்டே வந்தவர், சுரபுன்னை வேர்கள் இருபுறமும் வளைந்து இறங்கும் வாய்க்கால் வாயில் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். முதல் திருப்பத்துக்கு முன்னால் துடுப்பைத் தூக்கினார். “ஓ... வர்றோம்!” என்று நீட்டிக் குரல் கொடுத்துவிட்டுக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அதன் பிறகுதான் படகு உள்ளே போனது.

“திரும்பினப்புறம் பார்த்துக்கலாம்னு போனா, நடுவுல ரெண்டு பேரும் மாட்டிக்குவோம் சார். பின்னால தள்ளிக்கிட்டுத்தான் வரணும்” என்றார்.

வெனிஸ் நகரத்துக் கோண்டோலாக்காரர்களும் மூலை திரும்புமுன் இப்படித்தான் குரல் கொடுக்கிறார்கள். கடலில் ஓடும் கப்பல்களுக்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளிலும், வளைவில் எதிர்க்கப்பல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நீளமாக ஒரு ஊதல் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. படிக்காமலே இவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரியாவிட்டால் இந்தத் தொழிலில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

யார் ஒதுங்குவது என்பதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய படகா சின்னப் படகா, மூத்தவரா இளையவரா என்பதெல்லாம் கணக்கில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் முதல் கணக்கு. நீர் கடலுக்கு வடிவதை அவர்கள் வத்தம் என்கிறார்கள், ஏறி வருவதை ஏத்தம் என்கிறார்கள். “வத்தத்தோட வர்றவன் நிறுத்தணும்னு நெனைச்சாலும் நிக்காது. எதிர்த்து வர்றவன் துடுப்பை விட்டாலே நின்னுடும். அப்ப யாரு ஒதுங்கணும், நீங்களே சொல்லுங்க.” அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் பெரிய இழுவைப் படகுகளுக்கும் இதே முறைதான்: ஆற்றோட்டத்தோடு கீழே வருவதற்கு முன்னுரிமை. யாரால் நிற்க முடியுமோ அவர் நிற்கவேண்டும். இதைவிட நியாயமான சாலைவிதி ஒன்றை நான் தரையில் பார்த்ததில்லை.

அப்படி ஒரு படகு எதிரே வந்ததையும் பார்த்தேன். நாங்கள் நீரை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தோம். அவர் இடப்பக்கத்துத் துடுப்பை உள்ளே இழுத்து மடியில் கிடத்தினார். “கையை உள்ள எடுங்க” என்று என்னிடம் சொன்னார். விளிம்பைப் பிடித்திருந்த என் விரல்கள் இரண்டு படகுக்கும் நடுவில் நசுங்கியிருக்கும். வேரைப் பிடித்து நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் வேரைத் தொடவில்லை. நீர்மட்டத்தில் வேரெல்லாம் ஆளி ஒட்டியிருக்கிறது, அதன் ஓடு கத்தி போலக் கிழிக்கும். வலப்பக்கத் துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் படகை ஓரங்கட்டினார். எதிர்ப்படகு பக்கத்தில் வந்ததும் இடது உள்ளங்கையை அதன் விளிம்பில் வைத்தார். தள்ளவில்லை, கையை எடுக்காமல், அந்தப் படகு நகர நகர அதன் கடைசி வரை வழிகாட்டி அனுப்பினார். அந்தப் பக்கத்து இளைஞரும் அதேபோல எங்கள் விளிம்பில் கை வைத்திருந்தார். “எத்தனை நடை அண்ணே?” “இதோட ரெண்டு தம்பி.” அவ்வளவுதான் பேச்சு. இரண்டு படகும் ஒன்றை ஒன்று உரசவே இல்லை.

கயிறு கட்டி இழுக்கும் படகுகளுக்கு இது இன்னும் சிக்கல். பக்கிங்காம் கால்வாயில் ஆட்கள் கரையில் நடந்து படகிழுத்த காலம் இருந்தது. பாரதிதாசன் 1930களில் அப்படிப் படகில் மாமல்லபுரம் போய்ப் பாட்டும் எழுதினார். இங்கிலாந்துக் கால்வாய்களில் குதிரை இழுத்த படகுகள் எதிர்ப்பட்டால், ஒன்று குதிரையை நிறுத்திக் கயிற்றைத் தளர்த்தும். கயிறு நீருக்குள் அமிழும். மற்றது அதன்மேல் மிதந்து போகும். அங்கேயும் அடுத்தவர் நிற்பதை நம்பித்தான் பயணம்.

தண்ணீர்க் கணக்கை மீறும் இடம் ஒன்று உண்டு. ஒரு திருப்பத்தில் இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இறாலைப் போடும் பறிக் கூடையை வாயில் கவ்வியிருந்தார்கள். இரண்டு கையும் தரையில் வேலை செய்கிறபோது வேறு வழியில்லை. படகோட்டி வெகு தூரத்திலேயே துடுப்பை நிறுத்திவிட்டார். படகு வந்த வேகத்திலேயே மெல்ல நழுவியது. “அக்கா, இந்தப் பக்கம் போயிக்கறேன்” என்றார். ஒருவர் தலையை மட்டும் அசைத்தார். துடுப்பு விழுந்தால் இறால் பதுங்கிவிடும், அலை எழுந்தால் பறியில் தண்ணீர் புகும். வலை போட்டிருக்கும் படகுக்கும் இதே மரியாதைதான். ஏத்தமானாலும் வத்தமானாலும் அதற்கு வழிவிட்டே தீரவேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவன் பொழுதுபோக்குக்கு வந்தவன், அவர்களுக்கு அது அன்றைய சாப்பாடு. அந்த இடத்தில் நான் கைபேசியை எடுக்கவில்லை. எடுக்கிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

படகோட்டிகள் கிளையை ஒடிக்கவும் விடமாட்டார்கள். தில்லை மரம் கரையோரம் நிற்கிறது; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஒதுங்கும்போது எந்தக் கிளைக்கடியில் ஒதுங்குவது என்பதும் தொழிலறிவு. 2004 ஆழிப்பேரலையின்போது இந்தக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்கள் பெரிய சேதத்திலிருந்து தப்பின. மரத்தின்மேல் அவர்கள் காட்டும் அக்கறைக்கு அதுவும் காரணம்.

மோட்டார் படகுதான் இப்போது சங்கடம். எதிரே துடுப்புப் படகைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கிறவர்கள் பெரும்பாலோர். குறைக்காதவர் ஒருவர் வந்தாலும் அலை அடித்துச் சின்னப் படகு வேரில் மோதும். அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“தண்ணியில சண்டை போடமாட்டோம் சார். ரெண்டு படகுலயும் ஆளு உக்காந்திருக்கு, பயந்துடுவாங்க. துறைக்கு வந்தப்புறம் வயசுல பெரியவர் ஒருத்தர் அவனைக் கூப்பிட்டுச் சொல்லுவார். கேக்கலைன்னா, மறுநாள் வாய்க்கா வாயில அவன் குரல் கொடுத்தா யாரும் பதில் கொடுக்கமாட்டோம். ஆளு இருக்கா இல்லையான்னு தெரியாம அங்கேயே நிக்கணும். ரெண்டு நடை போச்சுன்னா தானா வந்து பேசுவான்.”