மனை வாங்கும் முன் கால்வாயைத் தேடுங்கள்!

ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கிப் போனால், வழிநெடுக தொழிற்சாலைகள்தான். வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த விடுதியில் மட்டுமே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஷிஃப்ட் பஸ்களின் நெரிசலில் கண்ணில் படாதவை ஏரிகள். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்கும், ஒரகடம் பக்கத்து நீர் அடையாற்றுக்கும் போக வேண்டும். நடுவில் கால்வாயை மனையாக்கினால், தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

இதைக் கண்டுபிடிக்க இப்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியதில்லை. அரசின் இ-சேவை தளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் பட்டா, புலப்படம், புறம்போக்கா என்ற விவரம் எல்லாம் செல்போனிலேயே வந்துவிடும். ஆனால், மேடு பள்ளத்தைப் படம் சொல்லாதே! ஐப்பசி மழையில் ஒருநாள் நேரில் போய், ஊர்ப் பெரியவர்களிடம் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்றும் கேட்டுவிடுங்கள்.