பேர் சொல்லுங்க டீச்சர் என்று கேட்டவர்களுக்கு



போன மாதம் மட்டும் மூன்று பேர் போன் பண்ணிவிட்டீர்கள். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான். "டீச்சர், பிள்ளைக்கு ஒரு நல்ல பேர் சொல்லுங்க. சின்னதா இருக்கணும், 'ஷ்'ல முடியணும், வேற யாருக்கும் இருக்கக் கூடாது." 34 வருஷம் வருகைப் பதிவேடு வாசித்தவளுக்குப் பேர் விஷயம் தெரியாமலா இருக்கும் என்று நினைக்கிறீர்கள். 'ஷ்'ல் முடிகிற பேரெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. பழக்கமானதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குருவிகுளம் வட்டாரத்தில் பேரைக் கேட்டாலே அந்த வீடு எந்தக் கோயிலைப் பார்த்துக் கும்பிடுகிறது என்று தெரிந்துவிடும். சங்கரன்கோவில் பக்கம் என்றால் சங்கரநாராயணன், கோமதிநாயகம், ஆவுடையப்பன், ஆவுடையம்மாள். கழுகுமலைப் பக்கம் என்றால் கழுகாசலம். (அசலம் என்றால் மலை. கழுகுமலை என்பதையேதான் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்.) தெலுங்கு பேசும் வீடுகளில் ஜக்கம்மாள், ரெங்கநாயகி. காவல் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டால் சுடலை, மாடசாமி, இசக்கி, பேச்சிமுத்து. எனக்குக் கோமதி. நான் படித்த வகுப்பில் ஐந்து கோமதி இருந்தோம், இனிஷியலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் பி. கோமதி.

சங்கரநாராயணன் என்ற பேரை யோசித்துப் பாருங்கள். சங்கரன் பாதி, நாராயணன் பாதி. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்களுக்குச் சண்டை. அம்பாள் தவமிருந்து இரண்டும் ஒன்றாக நின்ற கோலத்தைக் கண்டாள் என்பது தலபுராணம். வருஷா வருஷம் ஆடித்தபசுக்குக் கூட்டத்தில் இடிபட்டுப் போய் வருகிறோமே, அது இந்தத் தவத்துக்குத்தான். ஒரு வழக்கைத் தீர்த்துவைத்த பேர் அது.

தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று, பெயர்த்தி பேத்தி ஆனாள். அதாவது பேரைச் சுமப்பவர்கள். பழைய கிரேக்கர்களும் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேரைத்தான் வைத்தார்கள். ஆனால் நமக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பிள்ளைக்கோ மாமனார் பேர். சேட்டை பண்ணுகிற பிள்ளையை எப்படிக் கூப்பிட்டுத் திட்டுவது? அதனால்தான் நம் வீடுகளில் ராசா, அய்யா, துரை என்று இத்தனை வீட்டுப் பேர். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும்போது சில அம்மாமார் பேரைச் சொல்லாமல் பக்கத்தில் நிற்கும் ஆளைக் கையைக் காட்டுவார்கள். அவர் சொல்ல, நான் எழுதுவேன்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பிச்சை, குப்பை, மூக்கன், மூக்கம்மாள். இந்தப் பேர்களைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில், அடுத்த பிள்ளை தங்க வேண்டும் என்று வைத்த பேர்கள் இவை. பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தால் குப்பை. நாலு வீட்டில் மடியேந்திப் பிச்சை வாங்கிப் பேர் வைத்தால் பிச்சை. ஆண் பிள்ளைக்கும் மூக்குக் குத்தினால் மூக்கன், மூக்கையா. தவிட்டைக் கொடுத்து வாங்கின பிள்ளை என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. இது ஒன்றுக்கும் ஆகாத பிள்ளை, இதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போகிறாய் என்று எமனிடம் பொய் சொல்லுகிற பேர். மங்கோலியாவில் 'நெர்குய்' என்று வைப்பார்களாம். 'பேரில்லாதவன்' என்று அர்த்தம். 'எனெபிஷ்' என்றால் 'இவன் இல்லை'. சீனத்துக் கிராமங்களிலும் 'நாய் தின்று மிச்சம் வைத்தது' என்று பேர் உண்டு. எந்த ஊர் எமனாக இருந்தாலும் தாய்மார் சொன்ன பொய் ஒன்றுதான்.

என் அப்பா பேர் பிச்சையா. அவருக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் என் ஆச்சிக்குத் தங்கவில்லை. அப்பாவின் வலது மூக்கில் கடைசிவரை ஒரு சின்னத் தழும்பு இருந்தது. என் 'பி.' அங்கிருந்து வந்ததுதான்.

தொண்ணூறுகளில் என்னிடம் படித்த ஒரு பையனுக்குக் குப்பைச்சாமி என்று பேர். நல்லாப் படிப்பான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பேர்ப் பட்டியல் தயார் பண்ணும்போது வந்து நின்றான். சான்றிதழில் ஏறிவிட்டால் பிறகு அரசிதழில் போட்டு மாற்ற வேண்டும், அதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள் டீச்சர் என்றான். வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் அவன் ஆச்சி வந்துவிட்டாள். வெயிலில் நடந்து வந்தவள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "இந்தப் பேராலதான் டீச்சர் இவன் இருக்கான். இதை மாத்தினா இவனுக்கு ஏதாவது ஆயிரும். நான் எம்புட்டைக் குழியில வச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?" பையன் தலையைக் குனிந்து நின்றான். ஆயுசுக்கும் அந்தப் பேரோடு வேலைக்கு மனுப் போட வேண்டியவன் அவன். அவன் கேட்டதும் நியாயம், அவள் பயந்ததும் நியாயம். அந்த வருஷம் குப்பைச்சாமி என்றே பட்டியலில் ஏறியது.

சில வருஷம் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அரசிதழ்ப் பக்கம். பழைய பேர், புதுப் பேர் இரண்டும் அச்சாகியிருந்தன. கீழே ஒரு வரி: "ஆச்சி போன மாசம் தவறிட்டாங்க டீச்சர். இருக்கிற வரைக்கும் மாத்த மனசு வரலை."

1971-இல் நம் நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் அது 28. தமிழ்நாட்டில் 13. குப்பையும் பிச்சையும் பதிவேட்டிலிருந்து மறைந்ததற்கு நாகரிகத்தோடு தடுப்பூசிக்கும் கிராமச் செவிலியருக்கும் பங்கு உண்டு.

வேறு மதத்துப் பேர்களையும் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பில் சூசை, ஜோசப், யூசுப் மூன்று பேரையும் வரிசையாக வாசித்திருக்கிறேன். மூன்றும் ஒரே எபிரேயப் பேர். 'இன்னும் சேர்த்துத் தருவார்' என்று அர்த்தம். நம் காமநாயக்கன்பட்டிப் பக்கத்து அருளப்பன்தான் வெளியூரில் ஜான், யாஹ்யா. கடவுளின் அருள் என்ற அர்த்தத்தை விடாமல் நம் ஆட்கள் தமிழாக்கியிருக்கிறார்கள். பவுல் என்றால் லத்தீனில் சிறியவன், அதனால் சின்னப்பன். அப்துல்லா என்றால் அல்லாவின் அடியான், ராமதாசன் என்றால் ராமனின் அடியான். வேதாசலம் என்ற பேரை மறைமலை என்று ஆக்கிக்கொண்ட மறைமலையடிகள் செய்ததும் இந்த மொழிபெயர்ப்புதான்.

பழைய பதிவேடுகளில் பேருக்குப் பின்னால் சாதியும் ஒட்டிக்கொண்டு வரும். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பட்டம் போன இடத்தில் அப்பா பேரின் முதலெழுத்து மட்டும் நின்றது. ஐஸ்லாந்திலும் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேரோடு மகன், மகள் என்று சேர்ப்பதுதான். பாஸ்போர்ட் படிவத்துக்கு இது புரிவதில்லை. மகன் வீட்டுக்குப் போனபோது விமான நிலையத்தில் என்னை "மிசஸ் பிச்சையா" என்று கூப்பிட்டார்கள். மதுரையைத் தாண்டி ரயிலேறாத மனுஷர் பேர் மைக்கில் ஒலித்தது. இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனேன்.

எனக்குப் பிடிக்காத பேர் ஒன்று உண்டு. போதும்பொண்ணு. பெண் பிள்ளை போதும், அடுத்தது ஆணாக வரட்டும் என்று வைப்பது. குப்பை என்பது பிள்ளை வேண்டும் என்று வைத்த பேர், இது வேண்டாம் என்று வைத்த பேர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மராட்டியத்தில் 'நகுஷி' என்று இருக்கிறது, வேண்டாதவள். 2011 அக்டோபரில் சதாரா மாவட்டத்தில் 285 பெண் பிள்ளைகளுக்கு விழா வைத்துப் புதுப் பேர் கொடுத்தார்கள். ஐஸ்வர்யா என்று நடிகை பேரை வைத்துக்கொண்டவர்களும் அதில் உண்டு. வைத்துக்கொள்ளட்டும்.

போன் பண்ணின மூன்று பேருக்கும்: இரண்டு பேருக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாவதாகக் கேட்டவளே, உன் மாமியார் மூக்கம்மாள் என்ற பேரில் நிற்கிறார்கள் என்றாய். பிள்ளைக்கு அந்தப் பேர் வேண்டாம், நானே அவர்களிடம் பேசுகிறேன். ஆனால் அந்த மூக்கம்மாளுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் தவறின என்று அவர்களிடம் கேட்டு எழுதி வை. அவர்களுக்கு 80 தாண்டிவிட்டது.

காலையில் பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். இடது காது சரியாகக் கேட்பதில்லை, சத்தமாகப் பேசுங்கள்.