பத்து நாள் அவகாசம்

பணி ஓய்வு பெற்றவர் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது என்பது எப்படித்தான் தெரியுமோ, வீடு கட்டி விற்கும் கம்பெனிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. பணிக்கொடை, கம்யூட்டேஷன், சேர்ந்திருந்த விடுப்புக்கு வந்த சம்பளம் எல்லாம் வங்கிக்கு வந்து சேர்ந்த சில நாட்களில் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். என் வயதுக்காரர்கள் பலர் இதை அனுபவித்திருப்பீர்கள். சென்ற ஆண்டு என் தங்கைக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

தங்கையின் கணவர் காலமான பிறகு, முத்தியால்பேட்டையில் இருந்த மாமனார் வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். அவளுக்கு வந்தது 48 லட்சம். அதையும் குடும்ப ஓய்வூதியத்தையும் விட்டால் அவளுக்கு வேறு ஆதாரம் இல்லை. மகன் பெங்களூரில். இப்போது இருப்பது வாடகை வீட்டின் மாடியில். முழங்கால் வலியோடு படி ஏறுகிறாள். லிஃப்ட் உள்ள இடத்தில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று அவள் நினைத்ததில் தவறே இல்லை.

ஒரு பொருட்காட்சியில் குலுக்கல் சீட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் போட்டிருக்கிறாள். பரிசு விழவில்லை. மறுநாள் முதல் அழைப்புதான் வந்தது. நான்காம் நாள் வாசலில் கார். பக்கத்து வீட்டு அம்மாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். இளநீர் கொடுத்து, அலங்காரம் செய்த மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டி, ஏ.சி. அறையில் உட்கார வைத்தார்கள். "நீங்க எங்க அம்மா மாதிரி. இன்னும் ரெண்டே வீடுதான் பாக்கி. ஆறு மணிக்கு வேற ஒருத்தர் அட்வான்ஸோட வராரு. இன்னைக்கே புக் பண்ணா சதுர அடிக்கு 200 ரூபா குறைச்சுத் தரச் சொல்லி மேனேஜர்கிட்ட பேசறேன்" என்றானாம் அந்தப் பையன். "பிடிக்கலேன்னா பணம் திரும்பக் கிடைக்கும்" என்றும் சொன்னானாம். தங்கை கைப்பேசியிலேயே 25,000 ரூபாய் அனுப்பிவிட்டாள். விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கொண்டு வரவில்லை, படிக்காமல் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறாள். எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்த பழக்கம் அது.

அதன் பிறகு தினமும் மூன்று அழைப்பு. 15 நாளில் 20 சதவீதம் கட்டவேண்டும், இல்லாவிட்டால் சலுகை போய்விடும் என்று. அப்போதுதான் என்னிடம் சொன்னாள். இருவருமாகப் போனோம்.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். மேலதிகாரி அவசரம் என்றாலும், கோப்பில் என்ன காகிதம் இருக்கிறது என்று பார்க்காமல் குறிப்பு எழுதியது கிடையாது. அதே முறையில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, அனுமதிக்கப்பட்ட வரைபடம், ரெரா பதிவு எண், விற்பனை ஒப்பந்தத்தின் நகல், சுவருக்குள் உள்ள பரப்பு எவ்வளவு என்ற கணக்கு.

"ஐயா, இதெல்லாம் புக்கிங் முடிஞ்சப்புறம் எங்க லீகல் டீம் குடுப்பாங்க" என்றார் மேனேஜர்.

"அதைப் பார்த்த பிறகுதானே புக்கிங் செய்யணும்?" என்றேன்.

பரப்பளவு மட்டும் கிடைத்தது. விளம்பரத்தில் 1,150 சதுர அடி. சதுர அடி 4,000 ரூபாய் வீதம் 46 லட்சம். வீட்டுக்குள் நாம் பாய் விரித்துப் படுக்கக்கூடிய இடம் 820 சதுர அடிதான். மீதி சுவர், படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் நம் பங்கு. அந்தக் கணக்குப்படி சதுர அடி 5,600 ரூபாய்க்கு மேல் வருகிறது. கட்டி முடியாத வீடு என்பதால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 2 லட்சத்து 30 ஆயிரம். கார் இல்லாதவளுக்கு கார் நிறுத்தும் இடத்துக்கும் ஒரு தொகை. பத்திரச் செலவு தனி. தங்கையின் 48 லட்சம் போதாது. அவளுடைய பிரச்சினையே இதுதான். ஆனால் இதை முதல் நாள் யாரும் கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு இன்னொன்றும் தெரிந்தது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 'பாண்டிச்சேரி' என்று இருந்தது. இடமோ விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில். நம் ஊரின் எல்லை எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நேராகப் போகும் சாலையிலேயே புதுவையும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். அங்கே வீடு வாங்கக்கூடாது என்பதில்லை. ஆனால் பத்திரப்பதிவு அலுவலகம் வேறு, ரெரா ஆணையம் வேறு, திட்ட அனுமதி கொடுப்பவர்களும் வேறு. எந்த எல்லையில் இருக்கிறது என்று தெரியாமல் சரிபார்க்க முடியாது.

ரெரா என்று நாம் சொல்லும் ரியல் எஸ்டேட் சட்டம் 2016-ல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது எட்டுக்கு மேல் வீடுகள் உள்ள திட்டம் பதிவு செய்யப்பட வேண்டும்; பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். விலையைச் சுவருக்குள் உள்ள பரப்புக்கே கணக்கிட வேண்டும். அதற்கு கார்ப்பெட் ஏரியா என்று பெயர். வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் போகவேண்டும். எல்லாவற்றையும்விட நமக்குப் பயன்படுவது 13-ஆம் பிரிவு: எழுத்தில் விற்பனை ஒப்பந்தம் செய்து பதிவு செய்வதற்கு முன், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. இவர்கள் ஒப்பந்தம் இல்லாமலே 20 சதவீதம் கேட்டார்கள். பிரிவின் எண்ணை நான் சொன்னதும் மேனேஜர் குரல் மாறியது.

"அம்மாவே முடிவு பண்ணிட்டாங்க. நீங்க ஏன் ஐயா குழப்பறீங்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். விலை பேசுவது வியாபாரம். உடன்பிறந்தவர்களைப் பிரித்துப் பேசுவதை அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் நான் வாய் திறப்பதற்குள் தங்கையே சொன்னாள்: "எங்க அண்ணா படிச்சுப் பாக்கட்டும் தம்பி. அதுக்கப்புறம் நானே சொல்றேன்." எழுந்துவிட்டோம்.

என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் குடியுரிமை பெற்று பாரிஸ் பக்கம் இருக்கிறான். அவன் அங்கே கட்டுமானத்தில் இருந்த ஒரு வீட்டை வாங்கியபோது காகிதங்களை எனக்குக் காட்டியிருக்கிறான். கையெழுத்துப் போட்ட பிறகு ஒப்பந்த நகல் பதிவுத் தபாலில் வீட்டுக்கு வரும். அது வந்த மறுநாளிலிருந்து 10 நாள், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். கொடுத்த பணம் முழுவதும் திரும்ப வரும். 'ரெத்ராக்தாசியோன்' என்று அதற்குப் பெயர். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 நாளாக இருந்ததை 2015-ல் 10 நாளாக்கினார்கள். முன்பதிவுத் தொகைக்கும் உச்சவரம்பு: ஒரு வருடத்துக்குள் முடியும் வீட்டுக்கு 5 சதவீதம், இரண்டு வருடத்துக்குள் என்றால் 2 சதவீதம். மனிதன் ஆசையில் கையெழுத்துப் போட்டுவிடுவான், வீட்டுக்குப் போய்த்தான் யோசிப்பான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ரெரா சட்டத்தில் அப்படி யோசிக்கும் நாட்கள் இல்லை. கம்பெனி மேல் தவறு இல்லாமல் நாமாக விலகினால் முன்பதிவுத் தொகை போய்விடும் என்றுதான் ஒப்பந்தப் படிவங்களில் இருக்கும். ஆகையால் அந்தப் பத்து நாளை நாமே முன்கூட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்த பிறகு யோசிக்க நாள் இல்லை. கொடுப்பதற்கு முன் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கிறது.

தங்கையின் 25,000-க்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பணம் அனுப்பிய தேதி, விண்ணப்பத்தில் கையெழுத்து இல்லை என்பது, திரும்பத் தருவதாகச் சொன்னது, கேட்ட காகிதங்கள் எதுவும் தரப்படவில்லை என்பது, ஒப்பந்தத்துக்கு முன் 20 சதவீதம் கேட்டது, 15 நாளில் திருப்பித் தராவிட்டால் ஆணையத்தில் புகார். திட்டுச் சொல் ஒன்றும் இல்லை. தங்கை கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினாள். தொலைபேசியில் பேச வந்தவர்களிடம் "கடிதத்துக்குப் பதில் கடிதமாகவே போடுங்க" என்று மட்டும் சொன்னாள். 23-ஆம் நாள் பணம் முழுவதும் வங்கிக்கு வந்தது. பதில் கடிதம் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் யார் வீடு பார்க்கப் போனாலும் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். முதல் தடவை போகும்போது காசோலைப் புத்தகமும் கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதியும் கூட வராது. அவர்கள் காரில் போவதில்லை. நம் ஆட்டோவில் போனால் நாம் நினைத்த நேரத்தில் கிளம்பலாம். இரண்டாவது தடவை சொல்லாமல், முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்த் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கிறோம். மொத்தச் செலவையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்கிறோம். காகிதங்களை, நமக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டுகிறோம். கம்பெனி சொல்லும் வக்கீலிடம் அல்ல. அழைப்புகளுக்கு ஒரே பதில்: "வேண்டுமானால் நாங்களே கூப்பிடுகிறோம்." காரணம் சொன்னால் அதற்கு ஒரு மறுமொழி தயாராக வைத்திருப்பார்கள். அதனால் காரணம் சொல்வதில்லை.

எல்லா கம்பெனியும் இப்படி இல்லை. என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் கட்டி முடித்த வீடாகப் பார்த்து, பணிநிறைவுச் சான்றைக் கண்ணால் கண்ட பிறகு லாஸ்பேட்டையில் வாங்கினார். அவருக்கு ஜி.எஸ்.டி. இல்லை. காகிதம் கேட்டபோது அந்த கம்பெனிக்காரர் முகம் சுளிக்கவில்லை, அன்றே நகல் எடுத்துக் கொடுத்தார். காகிதம் கேட்டதும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

தங்கை தன் பட்ஜெட்டை 38 லட்சம் என்று வைத்துக்கொண்டு, புதுவை எல்லைக்குள் கட்டி முடித்த பழைய வீடுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 10 லட்சம் மருத்துவச் செலவுக்கென்று தொடாமல் இருக்கட்டும் என்பது அவளே எடுத்த முடிவு. அந்த கம்பெனியின் விளம்பரம் பொங்கலுக்குப் பத்திரிகையில் மறுபடி வந்தது. இன்னும் இரண்டே வீடுகள்தான் பாக்கியாம்.