கோடு அச்சேறும்வரை

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரையும் ஓர் அக்காவிடம் தொழில் கற்றுவருகிறேன். அவர் தொட்டு வரையும் நிப் பேனாவால், இண்டியன் இங்கில், தாளில்தான் வரைவார். அதைக் கணினியில் ஏற்றி, கோடுகளைப் படியெடுத்து, வண்ணமிட்டு, அச்சகத்துக்கு அனுப்பும் பதத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. நான் சேர்ந்தபோது அவர் சொன்னது இது: “தாள்ல இருக்கிற கோட்டோட உசுரு ஒவ்வொரு கட்டத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா குறையும் தம்பி. குறையாம அச்சு வரைக்கும் கொண்டுபோறதுதான் நம்ம வேலை.”

முதல் கட்டம் ஸ்கேனர். கோட்டுப் படத்தை 600 டிபிஐயில், கிரேஸ்கேலில் எடுக்கிறோம். நேரடியாகக் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் கோட்டின் ஓரம் பல் பல்லாகத் தெரியும். மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். அடுத்தது ஃபோட்டோஷாப்பில் லெவல்ஸ். வெள்ளை முனையை நகர்த்த நகர்த்தத் தாளின் அழுக்கும் பென்சில் தடமும் மறையும். இன்னும் நகர்த்தினால் படத்திலுள்ள ஆட்டுக்குட்டியின் இமை மயிரும் சேர்ந்து போய்விடும். படத்தில் இருப்பவற்றிலேயே மெல்லிய கோட்டின் மீது கண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். அது மங்கத் தொடங்குமுன் நிறுத்திவிட வேண்டும். மிஞ்சிய தூசியை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குகிறோம்.

அட்டைக்கும் சுவரொட்டிக்கும் பெரிதாக்க வேண்டிய படங்களை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாத வெக்டராகப் படியெடுக்கிறோம். தானாகப் படியெடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதற்குத் தூசியும் ஒன்றுதான், அக்கா வைத்த புள்ளியும் ஒன்றுதான். அதனால் வளைவுகளைக் கையால் அமைக்கும் பென் டூலை எடுக்கிறேன். அதற்கு அடிப்படை பெசியர் வளைவு. ரெனோ நிறுவனப் பொறியாளர் பியர் பெசியர் 1960களில் காரின் உடலை வடிவமைக்கப் பயன்படுத்திப் பரவலாக்கிய கணிதம். புள்ளிகளை நெருக்கி வைத்தால் கோடு நடுங்கும். ஒரு பானையை வரைந்தால், அதன் விளிம்பு திரும்பும் இடத்தில் ஒன்று, அடுத்த திருப்பத்தில் இன்னொன்று போதும்.

பேனா அழுந்திய இடத்தில் கோடு தடித்திருக்கும், தூக்கிய இடத்தில் மெலிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கோட்டின் இரு கரைகளையும் படியெடுக்கிறேன். அப்படிச் செய்யச் செய்யத்தான் ஆட்டின் வயிற்றடியிலும் பானை தரையில் அமரும் இடத்திலும் கோடு ஏன் தடிக்கிறது என்பது புரிந்தது. கனம் இறங்கும் இடத்தில் அக்காவின் கை அழுத்துகிறது. பார்த்து ரசித்த நாட்களில் இது என் கண்ணில் பட்டதே இல்லை.

வண்ணமிடும்போது கோட்டு லேயரை, கீழுள்ள வண்ணம் தெரியும்படி மல்டிப்ளை முறையில் மேலே வைத்துவிட்டு, அதன் கீழே ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு லேயர் போடுகிறோம். வண்ணம் கோட்டின் கரையோடு நிற்காமல் அதன் அடியில் நுழைந்திருக்க வேண்டும். ஆஃப்செட் அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட்டுகள் தனித்தனியே அச்சாகின்றன. ஒன்று முடியளவு விலகினாலும் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் வெள்ளைக் கீற்று விழும். இதே காரணத்தால் கோடு 100 சதவீதக் கறுப்பு மையில் மட்டும் இருந்து, மற்ற வண்ணங்களின் மேல் ஓவர்பிரிண்ட் ஆக வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், விலகிய பிளேட்டின் நிறம் மெல்லிய கோடுகளின் ஓரத்தில் கசியும்.

அனுப்புவதற்கு முன் படம் முழுவதையும் ஒருமுறை சாம்பல் நிறமாக்கிப் பார்க்கிறோம். ஆட்டுக்குட்டியும் அதன் பின்னாலுள்ள செம்மண்ணும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறங்கள் எவ்வளவு வேறாக இருந்தாலும் குட்டி மண்ணோடு கலந்துவிடும். அப்போது மண்ணை வெளிறச் செய்கிறோம்.

இத்தொழிலுக்கு வர விரும்புகிறவர்கள் விலையுயர்ந்த மென்பொருளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் பழகுவதற்குப் போதும். ஆனால் ஒரு நிப் பேனாவும் ஒரு புட்டி மையும் வாங்கித் தினமும் தாளில் வரையுங்கள். பேனா எங்கே அழுந்தும், எங்கே எழும் என்பதைக் கை அறிந்தால்தான், திரையில் எந்த நெளிவைக் காப்பாற்ற வேண்டும், எதை நீக்கலாம் என்று கண்ணால் முடிவுசெய்ய முடியும்.