விறாந்தை அளவுக்கு ஒரு தோட்டம்

ஈச்சிலம்பற்றில் காணிக்குப் பஞ்சமில்லை. இவ்வளவு பெரிய வளவு இருக்க விறாந்தையில் எதற்கு இத்தனை சாடி என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கச்சான் காலத்தில் வந்தால் கேட்க வேண்டியிராது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. மணல் தரையில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. கடலுக்குக் கிட்டிய கிணறுகளில் நீர் இறங்க இறங்க உவர்ப்பு ஏறும். அரிசியும் மரக்கறியும் கழுவிய தண்ணீரை வளவுக்கு ஊற்றினால் ஒரு மூலைக்கும் காணாது. விறாந்தைக்கு அது தாராளம். ஆடும் மாடும் அரைச்சுவர் தாண்டி வருவதுமில்லை.

எங்கள் விறாந்தை தெற்குப் பார்த்தது. மார்கழியில் வெயில் சாய்ந்து உள்சுவர் வரை வரும். ஆனியில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால் நேர் வெயிலே விழாது. ஆகவே கொச்சிக்காயும் கத்தரியும் அந்த மாதங்களில் முற்றத்துக்கு இறங்கும். வல்லாரையும் ரம்பையும் நிழலிலேயே சுகமாக இருக்கும். மண்சாடி கச்சானில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். பழைய பெயின்ட் வாளியில் தும்புத்தூள் கலந்த மண் போட்டால் ஈரம் அடுத்த நாள் வரை நிற்கும். அதே வாளிக்கு அடியில் துளை இல்லாவிட்டால் மாரியில் வேர் அழுகிவிடும். கொச்சிச் செடியின் குருத்து சுருண்டால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பூச்சி இருப்பது அங்கேதான். வேப்பங்கொட்டைச் சாற்றையும் அங்கேதான் தெளிக்க வேண்டும்.

கறிவேப்பிலையில் எனக்குத் தனிப் பிரியம். கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி, விதையை உடனே ஊன்ற வேண்டும். காய வைத்துப் பத்திரப்படுத்தினால் முளைக்காது. முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் பற்றையாகும். சமையலுக்குப் பறிக்கப் பறிக்கத் தளிர்க்கும்.

2006இல் யுத்தம் எங்களை வெருகல் ஆற்றுக்கு அப்பால், வாகரைப் பக்கம் விரட்டியது. பிறகு மட்டக்களப்பில் முகாம். அங்கே கூடாரத்து வாசல்களில் பால்மாப் பேணிகளில் துளசியும் கற்பூரவள்ளியும் நின்றன. பிள்ளைக்குச் சளி பிடித்தால் இரவில் இலை கேட்டு வருவார்கள்; இல்லையென்று யாரும் சொன்னதில்லை. 2007இல் திரும்பி வந்தபோது வளவில் பற்றை மூடிக் கிடந்தது. முதலில் துளிர்த்தது முகாமிலிருந்து கொண்டுவந்த கற்பூரவள்ளித் தண்டுதான்.

2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். மறு வருடம் எல்லாம் விலையேறி, வீட்டில் பயிரிடுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவும் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தக்காளி விதை போட்டுக் காய்க்காமல் மனம் விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் விதையை விட்டுத் தண்டிலும் கன்றிலும் தொடங்குவது நல்லது: பொன்னாங்காணி, வல்லாரை, கற்பூரவள்ளி, ரம்பை. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. எங்கள் ரம்பையில் பக்கக்கன்று எப்போதும் இருக்கிறது; வேரோடு பிரித்துத் தருகிறேன்.