ஜன்னலில் தெரிந்த வெளிச்சம்

அன்புள்ள தம்பிக்கு,

மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன ராத்திரி, பச்சையாக ஒரு வெளிச்சம் இறக்கை நுனியை உரசினாற்போல் போனதாகவும், அன்றிலிருந்து அப்பா திதிக்கு டிக்கெட் போடவே கை வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டு தரம் படித்தேன். பயம் வந்ததில் தப்பில்லை.

நீ பார்த்தது எரிநட்சத்திரம்; அது பக்கத்தில் போகவில்லை. எரிநட்சத்திரம் பெரும்பாலும் 80 கிலோமீட்டருக்கும் மேலே எரிகிறது. நீ பறந்தது 11 கிலோமீட்டரில். இருட்டில் தூரம் பிடிபடாது. பெரிய கல்லாக இருந்தால்தான் கீழே வரும். அதையும் காற்று விடுவதில்லை. வேகமெல்லாம் வடிந்து, 15, 20 கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்து, பிறகு வெறும் கறுப்புக் கல்லாக விழும்.

மோதவே மோதாது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். 1992 அக்டோபரில் நியூயார்க் பக்கம் பீக்ஸ்கில்லில், நிறுத்தியிருந்த காரின் பின்பக்கத்தை 12 கிலோ கல் ஒன்று பொத்துக்கொண்டு போனது. அது ஒரு விமானத்தின் இறக்கையில் விழுந்திருந்தால் தாங்கியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் விண்கல் பட்டு ஒரு பயணிகள் விமானம் விழுந்ததாக இதுவரை பதிவே இல்லை.

ஒருமுறை அந்தச் சந்தேகம் பலமாகவே எழுந்தது. 1996 ஜூலை 17. நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800, 12ஆவது நிமிஷத்தில் வெடித்துக் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 230 பேரும் போய்விட்டார்கள். வானத்தில் ஒளிக்கோட்டைப் பார்த்ததாக 258 பேர் சொன்னார்கள். குண்டு, ஏவுகணை என்று பேச்சு. கொலம்பியா பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் இருவர், 30 வருஷ விமானப் போக்குவரத்தில் ஒரு விமானத்தையாவது விண்கல் தாக்கியிருக்கப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று எழுதினார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து வில்லியம் காசிடி போட்ட கணக்கோ வேறு: விமானத்தை அழிக்கும் அளவு மோதல் 59,000 முதல் 77,000 வருஷத்துக்கு ஒருமுறை.

95 சதவீதத்துக்கு மேல் பாகங்களைக் கடலடியிலிருந்து எடுத்து, ஹேங்கரில் விமானத்தின் உடம்பைத் திரும்பக் கோத்து நிறுத்தித் தேடினார்கள். 2000 ஆகஸ்டில் முடிவு வந்தது. வெடித்தது, ஏறக்குறைய காலியாக இருந்த நடு எரிபொருள் டேங்க். அதன் அடியில் ஏசி எந்திரங்கள் தரையில் வெகுநேரம் ஓடிய சூட்டில், மிச்ச எரிபொருள் ஆவியாகி நின்றிருக்கிறது. டேங்குக்கு வெளியே எங்கோ ஷார்ட் ஆகி, எரிபொருள் அளவு காட்டும் ஒயர் வழியாக மின்சாரம் உள்ளே பாய்ந்திருக்க வேண்டும் என்றார்கள். சாட்சிகள் கண்ட கோடு, பற்றியெரிந்தபடி போன அதே விமானம்தான். டேங்குக்குள் ஆவி தீப்பற்றும் அபாயத்தைக் குறைக்க வேண்டுமென்று அமெரிக்கா விதி போட்டது 2008இல். 12 வருஷம்! நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எனக்குப் பயமெல்லாம் இந்த ஒயரிடம்தான். போன மாதம் எங்களிடம் பராமரிப்புக்கு வந்த ஒரு பழைய விமானத்தில், டார்ச்சும் காம்பு வைத்த கண்ணாடியுமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாம்ப் பிடித்த இடத்தில், நகக்கண் அளவுக்கு இன்சுலேஷன் தேய்ந்து உள்ளே கம்பி மினுங்கியது. அதை மாற்றி முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். விடியற்காலை நாலு மணி. கை நடுங்கியது. அதற்குள் உட்காரப்போகிறவர்கள் எல்லோரும் உன் முகத்தோடுதான் எனக்குத் தெரிகிறார்கள்.

அப்பா திதிக்கு டிசம்பர் 13 ராத்திரி விமானத்துக்கே டிக்கெட் போடு. ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். ஜன்னல் சீட்டாகக் கேள். உள்விளக்கை அணைத்ததும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார். எத்தனை எண்ணினாய் என்று இறங்கியதும் சொல். மீனம்பாக்கத்தில் வாசலிலேயே நிற்பேன்.

உன் அக்கா